ஆதாரப் படத்தில் என் கை

அரசாங்கக் கணக்குப்படி நான் ஒரு இடது கை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நினைவுக் காப்புத் துறையின் ஆவணத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்தைத் திறந்தால், என் மாமனார் ‘உழைப்பாளி’. என் வீட்டுக்காரர் ‘மீசையுள்ள இளைஞர்’. தரையில் இருக்கும் வாளி, ‘வாளி’. நான், ‘பெண்ணின் இடது கை, தம்ளருடன்’. படத்தில் வாளி முழுசாகப் பதிவாகியிருக்கிறது, நான் பதிவாகவில்லை. அதனால் துறையில் வாளிக்கு இருக்கிற மதிப்பு எனக்குக் கிடையாது.

அந்தப் படம் எடுத்தது நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலடி வைத்த அன்று. என்னோடு பிறந்த வீட்டிலிருந்து ஒரு இரும்பு பீரோ வந்தது. முன்வாசல் வழியாக வந்துவிட்டது, உள் அறை வாசலில் வந்து மாட்டிக்கொண்டது. எப்படித் திருப்பினாலும் இரண்டு விரற்கடை இடிக்கிறது. என் அப்பா முகம் செத்துப்போய் நிற்கிறார். பீரோவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று என் அண்ணன் முணுமுணுக்கிறான். என் மாமனார் அப்போது மில்லில் ஃபிட்டர். நேராகப் போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார்.

“நிலை பெருசா, வந்த பொண்ணு பெருசா?” என்று கேட்டுவிட்டு நிலைக்காலில் ஓங்கி ஒன்று வைத்தார், அது சரிந்து சுவரில் சாய்ந்தது. என் வீட்டுக்காரர் புது மாப்பிள்ளை, பயந்துபோய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டார். மாமனார் வேர்க்க விறுவிறுக்க, “தண்ணி குடு அம்மாடி” என்றார். நான் சமையலறையிலிருந்து தம்ளரை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து, மில் பத்திரிகைக்காகத் தொழிலாளர் குடியிருப்பைப் படம் எடுக்க வந்த ஒருவர் திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் கதை.

பீரோ உள்ளே போன பிறகு சாயங்காலமே நிலைக்காலைத் திரும்ப நிறுத்திவிட்டார். சிமெண்ட் பூசவில்லை, மரத்தில் ஆப்பு செதுக்கி இடுக்கில் அடித்தார். ஏன் மாமா பூசலை என்று கேட்டேன்.

“நாளைக்கு என்ன வருமோ, என்ன போகுமோ. வீடுன்னா கொஞ்சம் நெகிழ்ந்து குடுக்கணும் அம்மாடி.”

பிறகு மில்லை மூடினார்கள். குடியிருப்பை வரிசை வரிசையாக இடித்து அடுக்குமாடிகள் கட்டினார்கள். மிச்சம் நின்றது எங்கள் வரிசை மட்டும். அதையும் இடிக்கப்போகிறார்கள் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் நினைவுக் காப்புத் துறை வந்து காப்பாற்றியது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கே ஆரம்பம். யாரோ ஒருவர் பழைய மில் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அது ‘ஆதாரப் படம்’ ஆனது. என் கல்யாண நாள் ‘ஆதார நாள்’ ஆனது. வாசலில் பித்தளைப் பலகை மாட்டினார்கள். அதில் துறையின் வாசகம்: ‘நேற்றே நன்று’.

சட்டம் எளிமையானது. வீட்டில் நாங்கள் இருக்கலாம், வாடகை கிடையாது. ஆனால் எல்லாம் ஆதாரப் படத்தில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். மாறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எங்கள் வரிசைக்கு ஒரு கண்காணிப்பாளரைப் போட்டார்கள். வாய்க்கு வாய் ‘அசல், அசல்’ என்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அசல் சார். ஒல்லியாக, சட்டைப் பையில் அளவு நாடாவும் பூதக்கண்ணாடியுமாக வருவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் துணி உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். நான் நேற்றுத்தான் துடைத்த தரை, அவருக்கு அது வரலாறு.

முதல் நாளே உத்தரத்தை நிமிர்ந்து பார்த்து, “ஒழுகல் எங்கே?” என்றார்.

“அதை அப்பவே அடைச்சிட்டோமே சார்,” என்றார் என் வீட்டுக்காரர்.

“படத்துல வாளி இருக்கு. வாளி இருந்தா ஒழுகல் இருந்திருக்கு. அசல் ஒழுகலை யாரைக் கேட்டு அடைச்சீங்க?”

மறுவாரம் ஆள் வைத்துக் கூரையில் ஓட்டை போட்டார்கள். அதோடு விட்டார்களா? மழை இல்லாத நாளில் என்ன செய்வது என்று கூட்டம் போட்டு யோசித்து, ஒருவரைப் பணியமர்த்தினார்கள். அவர் தினம் காலையில் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி, குழாயால் தண்ணீர் விடுவார். கீழே வாளியில் சொட்டும். சொட்டுகிறதா என்று கேட்பார், சொட்டுகிறது என்று நான் கத்த வேண்டும். நல்ல மனுஷர். நாங்கள் ஒழுகல்காரர் என்று கூப்பிடுவோம், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் மீசை எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. திரும்ப வளர்க்கச் சொன்னார்கள். வளர்த்தார். நரைத்து வந்தது. மை பூசச் சொன்னார்கள். பூசினார். பேருந்தில் ஏறுகிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள் என்று வந்து புலம்பினார். “மீசைதானேங்க, போனா போகுது,” என்றேன். நானும் அப்போது சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. மிக்சியைத் துணி போட்டு மூடினோம், ஃப்ரிட்ஜுக்குத் திரை கட்டினோம். நாடகம் போல இருந்தது. மாமனார்தான் சிரிக்கவில்லை. அவருடைய சுத்தியலை அசல் சார் ‘அசல் சுத்தியல்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

“ஆணி அடிக்கணும்னா என்ன பண்றது?” என்று கேட்டார் மாமனார்.

“இனிமே இந்த வீட்டுல ஆணி அடிக்கறதுக்கு எதுவுமே இல்லீங்க பெரியவரே. எல்லாம் அடிச்சாச்சு.”

இப்படி இருக்கும்போதுதான் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆனால் புத்தியில் ஒரு குறையும் இல்லை, ஞாபகம் கற்பூரம். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொடுத்து அனுப்பினார்கள். தெருவில் நன்றாக உருண்டது, முன்வாசலில் நுழைந்தது, உள் அறை வாசலில் வந்து நின்றுவிட்டது. எவ்வளவு இடிக்கிறது என்று குனிந்து பார்த்தேன். அதே இரண்டு விரற்கடை.

மடக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். கூடத்தில் கட்டில் போடலாம் என்றால் படத்தில் கூடத்தில் கட்டில் இல்லை. ஆக மாமனார் உள் அறைக்குள்ளேயே அடைந்தார். அவரைத் தூக்கி வெளியே கொண்டுவர இரண்டு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் விடியும் முன்னே வண்டி எடுக்கப் போய்விடுவார். எனக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை, அதை அரை நாளாகக் குறைத்துக்கொண்டேன். நான் இல்லாத நேரம் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். இரண்டு பொம்பளைகள் சேர்ந்தும் அந்த ஆறடி உடம்பைத் தூக்க முடியவில்லை. படுத்த இடத்திலேயே எல்லாம் நடந்தது. எனக்குச் செய்ய அருவருப்பு இல்லை. அவருக்குத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்க முடியவில்லை. 

ஆப்பைத் தட்டினால் நிலைக்கால் கழன்றுவிடும், எனக்குத் தெரியும். தட்டினால் வீடு போய்விடும், அதுவும் தெரியும். சரி, கேட்டுவிட்டே செய்வோம் என்று துறை அலுவலகத்துக்குப் போனேன்.

பெரிய கட்டடம், குளிர்சாதனம் சத்தமில்லாமல் ஓடுகிறது, கதவுகள் எல்லாம் தானாகத் திறக்கின்றன. ஒவ்வொரு கதவும் ஒரு லாரி நுழையும் அகலம். அசல் சார் என்னை உட்காரச் சொல்லவில்லை. கைக்கு நாற்காலி எதற்கு.

“ஆதார நாள்ல உங்க மாமனார் நடந்துக்கிட்டிருந்தாரா இல்லையா?”

“நடந்தாரு சார்.”

“அப்போ நடக்கறதுதான் அவரோட அசல் நிலை. இப்போ இருக்கறது விலகல். விலகலுக்காக அசலை மாத்தச் சொல்றீங்க. நியாயமா?”

“வியாதி சார் அது. அவரா கேட்டு வாங்கிட்டு வந்தாரு?”

“நாங்க யாரையும் குத்தம் சொல்லலம்மா. அவர் குணமாகி அசல் நிலைக்குத் திரும்பணும்னுதான் துறையும் விரும்புது.”

“அந்தப் படமே அவர் நிலையை உடைக்கிற படம் சார். பீரோவுக்காக உடைச்சாரு.”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்த எங்கள் வீட்டுப் படத்தைப் பார்த்தார். “ஆணி அடிக்கிறார். ‘உருவாக்கும் கை’ன்னு தலைப்பே குடுத்திருக்கோம். தலைமை இயக்குநர் இதைப்பத்திப் புத்தகமே எழுதியிருக்கார்.”

“நான் பக்கத்துலயே நின்னேன் சார். தண்ணி குடுத்தது நான்தான்.”

“தெரியும். கை. கை சாட்சி சொன்னதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியிடம் கையெழுத்து வாங்கத்தான் நிற்கும் போலிருக்கிறது. சுத்தியலைப் பிடித்தவர் என்பதால் மாமனாரின் நினைவைச் சோதிக்கலாம், அது திருப்தியாக இருந்தால் பரிசீலிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

சோதிக்க வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, “பெரியவரே, அந்தப் பொற்காலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

மாமனார் நிதானமாக வாயைக் கூட்டி, “ஒழுகுச்சு,” என்றார்.

“வேற?”

“நல்லாவே ஒழுகுச்சு.”

“அந்த நாள்ல சுத்தியலை வச்சு என்ன பண்ணீங்க?”

“நிலையை… உடைச்சேன்.”

அசல் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுத்தேனாம். தாளில் எழுதினார், ‘நினைவு: திருப்தியில்லை.’

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை. கூரைமேல் ஒழுகல்காரர் தண்ணீர் விட ஆரம்பித்திருந்தார். மாமனாருக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம்.  ஆம்புலன்ஸுக்கு அடித்தேன், வந்தார்கள், ஸ்ட்ரெச்சர் கூடம் வரைக்கும் வந்தது. உள் அறை வாசலில் திருப்பினார்கள், சாய்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். நுழையவில்லை.

“இந்த நிலையை உடைங்கம்மா!” என்று கத்தினான் ஆம்புலன்ஸ்காரன். நான் நிலையைப் பார்க்கிறேன், அவரைப் பார்க்கிறேன். சுத்தியல் இல்லை, வீட்டில் கல்கூட இல்லை. கூரையிலிருந்து ஒழுகல்காரர் குதிக்காத குறையாக இறங்கி ஓடிவந்தார். போர்வையில் மாமனாரைப் போட்டு, நாலு முனையை நாலு பேர் பிடித்து, ஒரு பக்கம் சாய்த்து இழுத்தோம். அவர் முழங்கை நிலையில் உரசித் தோல் வழன்றது. அம்மா என்றுகூட முனகவில்லை, முனக மூச்சு இல்லை.

பிழைத்துக்கொண்டார். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுத் திட்டினாள். “ஏன் இப்படிப் படுக்கையிலயே போட்டு வச்சிருக்கீங்க? நெஞ்சுல சளி கட்டிடுச்சு. தினமும் நாற்காலியில உட்கார வச்சு வெளிய கொண்டு வரணும். இன்னொரு தடவை இப்படி ஆனா, சொல்லிட்டேன், நான் பொறுப்பில்ல.” வாசல் குறுகல் என்றேன். “வாசலா? வாசலை இடிங்க,” என்றாள். ஊரெல்லாம் சொல்கிறது இடி என்று.

அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அசல் சார் நிலையருகே மண்டியிட்டு அமர்ந்திருக்கிறார். அளவு நாடா ஒரு கையில். நிலைக்காலில் மாமனாரின் ரத்தம் காய்ந்திருந்தது.

“இந்தக் கறை ஆதாரப் படத்துல இல்ல,” என்றார். “ஈரத்துணியால, அழுத்தாம துடைங்க. மரத்தோட அசல் நிறம் போயிடக் கூடாது.”

துடைத்தேன். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு சமையலறைக்குப் போய் இருக்கிறதிலேயே கனமான வாணலியை எடுத்துக்கொண்டு நிலைக்கு முன்னால் வந்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்மா. சொன்னா கேளு. இதை விட்டா எங்க போவோம்? அந்த அடுக்குமாடியில படிக்கட்டுல ஒதுங்கி நிக்கக்கூட நமக்கு வக்கில்ல.”

“உங்க அப்பா செத்தாலும் பரவாயில்லையா?”

“அப்படிச் சொன்னேனா?” என்று அழுதுவிட்டார். மை பூசிய மீசையோடு ஒரு ஆம்பளை அழுவதைப் பார்க்கிற கொடுமை வேறு யாருக்கும் வேண்டாம்.

உள்ளேயிருந்து மாமனார், “பொறு அம்மாடி,” என்றார். “சுத்தியல் அவங்ககிட்டதானே இருக்கு? கொண்டு வருவாங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

ஆனால் கொண்டுவரத்தான் செய்தார்கள். ஆதார நாளின் ஆண்டு விழா வந்தது. தலைமை இயக்குநரே வருகிறார், தொலைக்காட்சி வருகிறது. ‘ஆதாரக் கணம்’ அப்படியே மறுபடி நிகழ்த்தப்படும். படத்தில் யார் எங்கே எப்படி இருந்தார்களோ அங்கே அப்படி நிற்க வேண்டும். முதல் மணி அடித்தால் இரண்டாம் மணி அடிக்கும் வரை யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. அசைந்தால் கணம் கலைந்துவிடுமாம். இரண்டாம் மணி தலைமை இயக்குநர் தலையசைத்த பிறகுதான்.

மாமனார் இடத்துக்கு ஒரு நடிகரை ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல உடம்பு, எண்ணெய் தேய்த்தது மாதிரி மினுமினுப்பு. முந்தின நாளே ஒத்திகைக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மாமனாரிடம் மரியாதையாக, “ஐயா, இப்படிப் பிடிச்சா சரியா?” என்று சுத்தியலைக் காட்டினார்.

மாமனார் பார்த்தார். “அப்படிப் பிடிச்சா… கட்டைவிரல் போயிடும் தம்பி.”

விழா அன்று மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து உள் அறையிலேயே திரை போட்டு மறைத்தார்கள். “விலகல் வெளிய தெரியக் கூடாது. இருமல்கூட வரக் கூடாது,” என்றார் அசல் சார். “சிறப்பு விருந்தினர் முன்னால எதாவது ஒண்ணு கோணலா நடந்துச்சுன்னா, சாயங்காலமே காலி பண்ணும்படி ஆயிடும். சொல்லலைன்னு சொல்லாதீங்க.”

என் இடம் சமையலறைச் சுவருக்குப் பின்னால். இடது கை மட்டும் கதவிடுக்கில் வெளியே நீட்டியிருக்க வேண்டும், தம்ளரில் தண்ணீரோடு. முகம் தெரியக் கூடாது. சுவரில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரின் சுண்ணாம்பு மட்டும். மற்றதெல்லாம் காதில் கேட்டதுதான், பிறகு வீட்டுக்காரர் சொன்னதும்.

தலைமை இயக்குநர் பேசினார். குரல் நன்றாகத்தான் இருந்தது.

“மக்கள் மாறுகிறார்கள். அது அவர்களுடைய பலவீனம். மூப்பு அடைகிறார்கள், நோய்வாய்ப்படுகிறார்கள், இறந்தும் போகிறார்கள். துறை இதையெல்லாம் ஊக்குவிப்பதில்லை. இந்த வீட்டில் வாழ்ந்தவர்களை நாங்கள் எவ்வளவு நேசிக்கிறோம் என்றால், அவர்கள் வாழ்ந்ததற்குப் பிறகு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம். வீட்டைக் காக்கும் வேலை எவ்வளவு சுலபம் தெரியுமா, வீட்டுக்குள் ஆட்கள் மட்டும் இல்லாதிருந்தால்!”

கை தட்டினார்கள். வாளியில் தண்ணீர் சொட்டியது.

ஒரு பெண் குரல், தொலைக்காட்சிக்காரி. “படத்துல இருக்கற உழைப்பாளி இப்போ உயிரோட இருக்காரா சார்?”

தலைமை இயக்குநருக்கு அது தெரியாது என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது. அந்த மௌனத்தில், உள் அறைத் திரைக்குப் பின்னால், மாமனார் இருமினார்.

“யார் அது?” என்றார் தலைமை இயக்குநர்.

“விலகல், சார்,” என்றார் அசல் சார்.

திரை விலகும் வளையச் சத்தம் கேட்டது. தம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போச்சு, முதலுக்கே மோசம், சாயங்காலம் தெருவில்தான் என்று நினைத்தேன். நாற்காலிச் சக்கரம் கீச்சென்று இரண்டு சுற்று வந்து, வாசலில் டக்கென்று மாட்டி நின்றது.

கேமரா அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலைமை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இருக்கிறார்! இதோ, உயிருள்ள ஆதாரம்! நடிகரே, நீங்கள் விலகுங்கள். அசல் இருக்க நகல் எதற்கு? சுத்தியலை அவர் கையில் கொடுங்கள்.”

“சார், அவருக்கு நினைவு…” என்றார் அசல் சார்.

“மணி அடியுங்கள்!”

முதல் மணி அடித்தது. தலைமை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி நின்றுவிட்டாராம். எல்லோரும் சிலையானார்கள். வாளி சொட்டும் சத்தம் மட்டும். எனக்குத் தோள் வலி எடுக்க ஆரம்பித்தது.

அப்போது கேட்டது. டொக்.

எனக்குத் தெரிந்த சத்தம் அது. மரத்தில் இரும்பு விழுகிற சத்தம். மறுபடி டொக், டொக். ஓங்கி அடிக்கவில்லை, வலது கையால், அளவாக, இடுக்கைத் தேடித் தேடி. யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். அசல் சார் மணிக்கோலை ஓங்கிக்கொண்டு தலைமை இயக்குநரைப் பார்க்கிறாராம். அவர் கண்ணைத் திறந்தால்தானே தலையசைக்க முடியும்? திறக்கவில்லை. ஓசையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துப் பரவசமாக நிற்கிறார். என் வீட்டுக்காரர் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நடுங்கினாராம். படத்திலும் அப்படித்தான் இருக்கிறார், அதனால் யாரும் குறை சொல்லவில்லை.

நான் சுவருக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். கை வெளியே, உயிர் வெளியே. ஏதோ ஒன்று தரையில் விழுந்து உருண்டு என் காலருகே வந்து நின்றது. குனியாமல் பார்த்தேன். ஆப்பு.

அடுத்த டொக்கில் நிலைக்கால் சரிந்து சுவரில் சாய்ந்தது. சுண்ணாம்புத் தூசி சமையலறை வரை வந்தது. பிறகு சக்கரச் சத்தம். வலது காலால் தரையை உந்தி உந்தி வந்தாராம். கீச், கீச். வாசலைத் தாண்டிவிட்டது, எங்கும் இடிக்கவில்லை. கூடத்தில் வருகிறது. என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சொரசொரத்த விரல்கள் என் விரலைத் தொட்டன.

“தண்ணி குடு அம்மாடி.”

தம்ளரை விட்டேன். கை லேசாயிற்று. அழக் கூடாது, கணம் கலையும் என்று எவ்வளவோ அடக்கியும் அழுதுவிட்டேன். நல்லவேளை, படத்தில் எனக்கு முகம் இல்லை.

தலைமை இயக்குநர் கண்ணைத் திறந்து தலையசைத்தார். இரண்டாம் மணி அடித்தது.

“விதிமீறல் சார்!” என்று கத்தினார் அசல் சார். “அசல் நிலையை உடைச்சிட்டாங்க! இன்னிக்கே காலி பண்ண வைக்கணும்!”

நான் சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அந்த வீட்டில் அத்தனை நாளில் முதல் தடவையாக முழு ஆளாக வந்து நின்றேன். “அந்தப் படத்தை நல்லா பாருங்க. நிலைக்கால் சாஞ்சிருக்கா இல்லையா? ஆணி எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்!”

விழாவுக்காகக் கூடத்துச் சுவரிலும் பெரிதாக மாட்டியிருந்த படத்தருகே தொலைக்காட்சிக்காரி போனாள். “சாஞ்சுதான் இருக்கு சார். கீழ தூசிகூட இருக்கு.” கேமரா படத்தையும் வாசலையும் மாறி மாறிக் காட்டியது. இரண்டும் ஒன்றாக இருந்தன.

தலைமை இயக்குநர் படத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஆனால் இவர் ஆடத் தெரிந்தவர். “இதைத்தான் துறை இத்தனை காலமாகச் சொல்லிவருகிறது,” என்றார். “உடைந்த நிலையே அசல். இதுவரை இந்த நிலை ஒட்டி நின்றதுதான் விலகல். அந்த விலகலைக் கண்காணிக்கத் தவறியவர்கள் மீது விசாரணை நடக்கும்.”

அசல் சாரின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. மெல்லக் கேட்டார். “சார், ஒரு சந்தேகம். அன்னிக்கு உடைச்ச நிலை, அப்புறம் எப்படி ஒட்டி நின்னுச்சு? அன்னிக்கே திரும்ப நிறுத்தியிருந்தா, ஆதார நாள் முடியறதுக்குள்ள நிறுத்தினதுதான் அசல். இன்னிக்கும் நிறுத்தித்தான் ஆகணும்.”

 கரெக்டாகத்தான் கேட்டார், பாவி. சாயங்காலமே நிறுத்தியதற்கு நானே சாட்சி. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். நல்லவேளை, கை சாட்சி சொல்லாது.

தலைமை இயக்குநர் நாற்காலி முன்னால் குனிந்தார். “உயிருள்ள ஆதாரத்தையே கேட்போம். பெரியவரே, யோசித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு இந்த நிலைக்காலை எப்போது திரும்ப வைத்தீர்கள்?”

மாமனார் தம்ளரிலிருந்து இன்னொரு வாய் குடித்தார். மில்லில் யார் எந்த ஷிப்ட் என்பதுவரை இன்றும் ஒப்பிக்கிற மனுஷர். நெற்றியைச் சுருக்கி, உத்தரத்தைப் பார்த்து, வாளியைப் பார்த்து, ரொம்ப நேரம் தேடினார். நாற்காலிக்குப் பின்னால் நின்ற என் கையை எட்டிப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

“ஞாபகம் இல்லீங்களே,” என்றார்.

தலைமை இயக்குநர் நிமிர்ந்தார். “எழுதுங்கள்.”

“என்னன்னு சார்?” என்றார் அசல் சார்.

“நினைவு: திருப்திகரம்.”

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. வரிசையில் உள்ள எல்லா வீட்டிலும் உள் அறை நிலையை உடைத்து அசல் நிலைக்குக் கொண்டுவர வேண்டுமாம். பக்கத்து வீட்டு அக்கா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். அசல் சார் கூரை ஒழுகல் பிரிவுக்கு மாற்றப்பட்டார். இப்போது காலையில் ஏணியைப் பிடித்துக்கொள்வது அவர்தான்.

அதெல்லாம் பிறகு. அன்று கூட்டம் கலைந்ததும் நான் வேறெதற்கும் நிற்கவில்லை. மாமனாரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்கு வந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

“அம்மாடி.”

“சொல்லுங்க மாமா.”

“அந்த ஆப்பு… சமையக்கட்டுல கிடக்கும். எடுத்துப் பத்திரமா வை. பின்னால வேணும்.”